நாணயத்துக்கு எண்ணெய் போடலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக இருக்கணும்னு சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்றைக்குப் பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு ஸ்பூன் எண்ணெய், அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய் எங்க குடும்பத்துல இருபது வருஷமா என்ன வேலை பார்த்திருக்குன்னு போன ஐப்பசியிலதான் எனக்குத் தெரிஞ்சது.

எங்க பெரியப்பா கொடைக்கானல்ல, வில்பட்டி போற வழியில இருக்கார். அவர்கிட்ட ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு. அதுக்குள்ள எங்க தாத்தா சேர்த்து வெச்ச காசுகள். பெரிய கலெக்‌ஷன்னு சொல்ல முடியாது. காலணா, அரைக்காலணா, நடுவுல ஓட்டை போட்ட காசு, கொஞ்சம் வெள்ளி ரூபாய், தாத்தா பழனி தைப்பூசத்துக்கு நடந்து போனப்ப ஒரு கடைவிரிப்புல வாங்கின ராஜராஜன் செப்புக்காசு ஒண்ணு. இதையெல்லாம் விட எங்க வீட்டுக்கு முக்கியமானது 1835-ம் வருஷத்துக் காலணா ஒண்ணு. கிழக்கிந்தியக் கம்பெனியோட சின்னம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் இலை வளையத்துக்குள்ள காலணான்னு இங்கிலீஷ்ல எழுத்து. சந்தையில இது ரொம்ப சாதாரணக் காசு, லட்சக்கணக்குல அடிச்சது. ஆனா எங்க வீட்டுல அதுக்கு ஒரு கதை உண்டு. மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புல இருந்து செண்பகனூர் வழியா கொடைக்கானலுக்கு ஆளுங்க நடந்துதான் ஏறணும். துரைமாரையும் அவங்க வீட்டம்மாக்களையும் நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போவாங்க, சாமானைத் தலையில சுமப்பாங்க. அப்படிச் சுமை தூக்கின எங்க முப்பாட்டனாரோட கூலிக்காசு அதுன்னு தாத்தா சொல்வார். உண்மையான்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது. ஆனா நாங்க அதை நம்பித்தான் வளர்ந்தோம்.

பெரியப்பா போன் பண்ணினார். "டேய், காசெல்லாம் பச்சை பூத்துக்கிட்டு வருதுடா. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டு வெக்கிறேன், அப்படியும் பூக்குது. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடவா?" அவருடைய பேத்திக்கு அந்த டின்னைக் கொடுக்கணும்னு அவருக்கு ஆசை. அந்தப் பொண்ணு ஏழாங்கிளாஸ், நாணயம்னா உயிர். அதுக்குள்ள சரி பண்ணிடணும்னு அவசரம்.

"போடாதீங்க பெரியப்பா, நான் வர்றேன்"னு சொல்லிட்டு வத்தலக்குண்டு பஸ் பிடிச்சேன்.

டின்னைத் திறந்ததும் முதல்ல வந்தது வாசனை. சிக்குப் பிடிச்ச தேங்காய் எண்ணெய் வாசனை. சமவெளியில இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடும். கொடைக்கானல்ல பகல் வெயிலே பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. அதனால அங்க வளர்ந்த பிள்ளைங்களுக்குத் தேங்காய் எண்ணெய்னா பாட்டில்ல வெள்ளையா, கெட்டியா இருக்கிற ஒரு பொருள். அடுப்பு பக்கத்துல வெச்சு உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்பாங்க. பெரியப்பாவும் அப்படி உருக்கித்தான் காசுக்கும் தடவியிருக்கார். தடவின அஞ்சு நிமிஷத்துல அது மெழுகு மாதிரி உறைஞ்சு, காசு மேல வெள்ளைப் போர்வையா உட்கார்ந்திருக்கு. அடுத்த வருஷம் அதுக்கு மேல இன்னொரு போர்வை. இருபது போர்வை. அதுக்கு அடியில பச்சை.

சரி, எண்ணெய் போடுற யோசனை எங்கிருந்து வந்தது? முட்டாள்தனமான யோசனை இல்லை அது. நம்ம வீடுகள்ல அரிவாள்மனை, மண்வெட்டி, இரும்புச் சட்டி எல்லாத்துக்கும் எண்ணெய்தான் காவல். தண்ணியும் காத்தும் உலோகத்தைத் தொடாம ஒரு படலம் தடுக்கும். நாணயம் சேர்க்கிறவங்க மத்தியிலயும் இது பழைய பழக்கம். அமெரிக்காவுல 1793-ல இருந்து 1857 வரைக்கும் அடிச்ச பெரிய செப்பு சென்ட்டுகளைச் சேர்க்கிறவங்க, மென்மையான ஒட்டக முடி பிரஷ்ல துளி எண்ணெய் தொட்டு நாணயத்தைத் துலக்கி வெக்கிறது ரொம்ப காலமா நடக்கிற விஷயம். இரும்புக்குச் சரியா வர்ற எண்ணெய் செம்புக்கும் சரியா வருமான்னு யாரும் கேக்கிறதில்லை. சிக்கலே அங்கதான்.

உங்க வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கை நினைச்சுப் பாருங்க. திரி வெக்கிற குழியைச் சுத்தி, எண்ணெய் வழிஞ்சு இறங்கின இடத்துல, கொஞ்ச நாள் துலக்காம விட்டா என்ன ஆகும்? பிசுபிசுன்னு பச்சையா ஒண்ணு ஒட்டியிருக்கும். விளக்கோட மத்த பாகம் வெறுமனே மங்கியிருக்கும், எண்ணெய் நின்ன இடம் மட்டும் பச்சை. எண்ணெய் உலோகத்தைக் காப்பாத்தினதா இருந்தா நேர்மாறா இல்ல இருந்திருக்கணும்?

தாவர எண்ணெய் எதுவா இருந்தாலும், தேங்காய், நல்லெண்ணெய், கடலை, ஆலிவ், எல்லாத்துலயும் கொழுப்பு அமிலங்கள் இருக்கு. புது எண்ணெய்ல அது கிளிசரினோட சேர்ந்து கட்டுண்டு கிடக்கும். நாள் ஆக ஆக, ஈரம் பட, காத்து பட, அந்தக் கட்டு உடைஞ்சு அமிலம் தனியா வெளிய வரும். நாம சிக்கு வாசனைன்னு சொல்றோமே, எண்ணெய் கெட்டுப்போறதோட அடையாளம் அது. இதுல செம்பு வேற எண்ணெய் கெடுறதை வேகப்படுத்தும். வெளிய வந்த அமிலம் செம்போட சேர்ந்தா உண்டாகிறது ஒரு வகை சோப்பு. செப்புச் சோப்பு. அதுதான் விளக்குல இருக்கிற அந்தப் பச்சைப் பிசுக்கு. அந்தப் பச்சையில இருக்கிற செம்பு வேற எங்கிருந்தும் வரலை, உங்க விளக்குல இருந்து போனது. நாணயத்துல அது நடந்தா, நாணயத்துல இருந்து போனது.

தமிழ்ல இதுக்கு அழகான சொல் இருக்கு: களிம்பு. இன்னைக்கு நாம களிம்புன்னா புண்ணுக்குப் போடுற ஆயின்ட்மென்ட்டைத்தான் நினைக்கிறோம். செம்புல பிடிக்கிற பச்சைக்கும் அதே பேர்தான். சைவ சித்தாந்தத்துல உயிருக்கு ஆணவம் எப்படின்னு கேட்டா செம்புக்குக் களிம்பு மாதிரின்னு சொல்வாங்க, கூடவே பிறந்ததுன்னு. தத்துவத்துக்கு அது பொருத்தமா இருக்கலாம். வேதியியல் ஒத்துக்காது. களிம்பு செம்போட பிறக்கிறதில்லை. ஈரம், காத்து, அமிலம், உப்பு இதுல ஏதாவது வெளியில இருந்து வரணும்.

வெளிநாடுகள்ல மண்ணுல கிடைக்கிற ரோமானியச் செப்புக்காசுகளை மாசக்கணக்கா ஆலிவ் எண்ணெய்ல ஊறப்போடுவாங்க. இணையத்துல வீடியோ நிறைய இருக்கு, நீங்களும் பார்த்திருப்பீங்க. எண்ணெய் பச்சையா மாறினதும் கொட்டிட்டுப் புது எண்ணெய் ஊத்துவாங்க, அழுக்கு இறங்குதுன்னு சந்தோஷப்படுவாங்க. மண் இளகுறது உண்மைதான். அந்தப் பச்சை நிறத்துல பாதி காசோட மேல்தோல்ங்கிறதை யாரும் சொல்றதில்லை.

அப்ப எந்த எண்ணெயுமே ஆகாதா? ஆகும், ஒரு வகை ஆகும். பூமிக்கடியில இருந்து எடுக்கிற கச்சா எண்ணெயைச் சுத்தம் பண்ணி எடுக்கிற கனிம எண்ணெய். நிறமில்லாம, வாசனையில்லாம, மருந்துக்கடையில லிக்விட் பாரஃபின்னு கேட்டா கிடைக்கும். மலச்சிக்கலுக்குக் கொடுப்பாங்களே, அதுவேதான். இதுல கொழுப்பு அமிலம் கிடையாது. வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்லை. செம்போட சண்டையும் போடாது, சிநேகமும் பண்ணாது. பெருசா இன்னொரு நல்ல குணம், வேண்டாம்னு தோணினா அசிட்டோன்ல கழுவி எடுத்துடலாம். தையல் மெஷின் எண்ணெயும் அடிப்படையில கனிம எண்ணெய்தான், ஆனா அதுல வேற என்னென்ன கலந்திருக்காங்கன்னு பாட்டில்ல எழுதியிருக்காது. அதனால நான் மருந்துக்கடைச் சரக்கைத்தான் சொல்வேன்.

இடையில ஒரு விஷயம். கொடைக்கானல்னா யூகலிப்டஸ் தைலம் இல்லாமலா? பெரியப்பா அதையும் விட்டு வைக்கலை. இரண்டு ரூபாய் வெள்ளியில அதைத் தடவிப் பார்த்திருக்கார், "சளிக்கே நல்லது, காசுக்கு நல்லதில்லாமப் போயிடுமா"ங்கிறது அவர் கணக்கு. தைலம் எண்ணெய்னு பேர் வெச்சிருக்கோமே தவிர, அது ஆவியாகிப் போற பொருள். படலமா நிக்காது. ஆனா ஒரு வேலைக்கு அது கெட்டிக்காரன். பழைய செலோடேப் பசை, ஸ்டிக்கர் பிசின் காசுல ஒட்டியிருந்தா கரைச்சு எடுத்துடும். அப்புறம் அசிட்டோன்ல ஒரு கழுவு. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதும் அவருக்கு ஒரு வெற்றிச் சிரிப்பு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

அந்த டின்ல இருந்த பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை. இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன். பழைய செப்புக்காசுல இறுக்கமா, மினுமினுப்பா, கரும்பச்சையாவோ பழுப்பாவோ ஒரு தோல் இருக்கும். பல்குத்தும் குச்சியால நெருடினா அசையாது. அது பல வருஷமா மெதுவா உண்டான மேல்தோல், காசுக்குக் கவசம். அதைத் தொடவே கூடாது. இரண்டாவது, நாம பேசின சோப்புப் பச்சை. வழவழன்னு இருக்கும், பஞ்சுல ஒட்டும். பார்க்கப் பயமா இருக்கும், ஆனா அசிட்டோன்ல ஊறவிட்டுத் துடைச்சா பெரும்பாலும் கழன்று வந்துடும். மூணாவதுதான் வில்லன். வெளிர் பச்சை, மாவு மாதிரி. குச்சியால தொட்டா உதிரும். உதிர்ந்த இடத்துல சின்னக் குழி இருக்கும். துடைச்சு வெச்சா, ரெண்டு வாரம் கழிச்சு அதே குழியில திரும்பவும் மாவு.

இதை வெண்கல நோய்னு சொல்வாங்க. பேர்ல வெண்கலம் இருந்தாலும் வெறும் செம்புக்கும் வரும். இதுக்குக் காரணம் உப்பு. உப்புல இருக்கிற குளோரைடு செம்புக்குள்ள இறங்கி, மேல்தோலுக்கு அடியில செப்புக் குளோரைடா ஒளிஞ்சுக்கும். சும்மா கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஈரக்காத்து பட்டதும் அது வெளிர் பச்சை மாவா மாறுது, மாறும்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்குது. அந்த அமிலம் பக்கத்துல இருக்கிற நல்ல செம்பைத் தின்னு மறுபடியும் குளோரைடு உண்டாக்குது. அது மறுபடி மாவு, மறுபடி அமிலம். வட்டி குட்டி போடுற மாதிரி. நிறுத்தலைன்னா காசு தூளாயிடும்.

இந்த நோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு இருக்கு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல உலகமே வந்து பார்க்கிற வெண்கலச் சிலைகள் இருக்கு. அதுல நிறைய மண்ணுக்கடியில பல நூறு வருஷம் புதைஞ்சு கிடந்து புதையலா எடுத்தவை. மண்ணுல இருந்த உப்பை உள்ள வாங்கிட்டு வந்தவை. வெளிய கடல் காத்து வேற. சிலைகளைப் பச்சை மாவு தின்ன ஆரம்பிச்சதும்தான் 1930-ல அங்க வேதியியல் பாதுகாப்புக் கூடம் வந்தது. எஸ். பரமசிவன்ங்கிற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில, அதாவது மெல்லிய மின்சாரத்தை ஓட்டிக் குளோரைடை வெளிய இழுத்து, சிலைகளைக் காப்பாத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்கள் எப்படி வரையப்பட்டதுன்னு ஆராய்ஞ்சவரும் அவரேதான். இந்தியாவுலயே இந்த மாதிரிக் கூடத்துக்கு அது முன்னோடி. நம்ம பாடப்புத்தகத்துல அவர் பேர் வந்திருக்கலாம், வரலை.

சரி, எங்க டின்ல அந்த மாவு எந்தக் காசுல இருந்தது? 1835 காலணாவுல. கம்பெனிச் சின்னத்துக்குக் கீழ மூணு குழி, மூணுலயும் வெளிர் பச்சை.

கொடைக்கானல் மலை உச்சி. கடல் பக்கத்துல இல்லை. காசு மண்ணுல புதைஞ்சும் கிடக்கலை, கைமாறி வந்தது. உப்பு எங்கிருந்து வந்திருக்கும்னு யோசிச்சுக்கிட்டே அசிட்டோன் கிண்ணத்தைப் பார்த்துட்டு இருந்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது வயசு இருக்கும். மே மாச லீவுக்குப் போயிருந்தப்ப தாத்தா தூங்குற நேரம் பார்த்து இந்தக் காசை எடுத்து, பாட்டி செம்புப் பாத்திரம் துலக்குற மாதிரி புளியும் கல்லுப்பும் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சேன். புதுசு மாதிரி ரோஸ் கலர்ல பளபளன்னு வந்தது. பெருமையா தாத்தாகிட்ட நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். ஒண்ணுமே சொல்லலை. டின்னுல போட்டு மூடினார். ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு அன்னைக்குப் புரியலை.

புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் கவசத் தோலை உரிச்சது. கல்லுப்பு வெறும் செம்புக்குள்ள குளோரைடை இறக்கினது. சரியாக் கழுவினேனான்னும் தெரியலை. அதுக்கு மேல பெரியப்பா பாசத்தோட எண்ணெய்ப் போர்வை போட்டார். உள்ள இருந்த உப்பும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கிச்சு. எண்ணெய் நோயைக் குணப்படுத்தலை, கண்ணுக்குத் தெரியாம மறைச்சது. வேற காரணமும் இருக்கலாம், விரல் வேர்வையிலயும் உப்பு உண்டு. ஆனா எனக்கு என் கை மேலதான் சந்தேகம். பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர், "நீயா? நான் என் எண்ணெயாலன்னு நெனைச்சு நாலு நாளாத் தூங்கலைடா"ன்னார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

இதுல ஊரோட பங்கும் உண்டு. வெண்கல நோய் காத்துல ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா கிட்டத்தட்ட தூங்கிடும். 55-ஐத் தாண்டினா முழிச்சுக்கும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம், வடகிழக்குப் பருவமழையில மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வரும். பீரோவுல மடிச்சு வெச்ச துணி பூஞ்சை பிடிக்கும், செருப்பு வெள்ளை பூக்கும். நோய் இருக்கா இல்லையான்னு பார்க்க ஒரு சோதனை சொல்வாங்க: ஈரப்பஞ்சோட காசை ஒரு டப்பாவுல ஒரு நாள் மூடி வெச்சா புதுப் பச்சைப் புள்ளி வரும்னு. ஐப்பசி கார்த்திகையில கொடைக்கானல் வீடு முழுசுமே அந்த டப்பாதான்.

அப்புறம் நாங்க என்ன பண்ணினோம்னு சொல்றேன். வீட்டுல செய்யப் போறவங்க கவனமா கேளுங்க.

முதல்ல பழைய எண்ணெயை எடுக்கணும். சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணம். பிளாஸ்டிக் கிண்ணம் சில வகை அதுலயே கரைஞ்சிடும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பாங்க. அசிட்டோன் சட்டுன்னு தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்துல கூடாது. பெரியம்மா குளிருக்கு வெச்சிருந்த கரி அடுப்பைப் பார்த்ததும் நாங்க கிண்ணத்தைத் தூக்கிட்டு வெளித் திண்ணைக்கு ஓடிட்டோம். ஊறவெச்சு, மென்மையான பிரஷ்ல ஒத்தி எடுத்து, புது அசிட்டோன்ல இன்னொரு முறை. மூணாவது முறையும் நிறம் இறங்கினா நாலாவது முறை. தேய்க்கக் கூடாது. பளபளப்பு வரணும்னு நினைக்கவே கூடாது. பளபளப்பு வந்தா நீங்க தோலை உரிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

மாவு இல்லாத செப்புக்காசுகளை நல்லா உலர்த்தி, லிக்விட் பாரஃபின் ஒரே ஒரு துளி, பிரஷ்ல பரப்பி, பத்து நிமிஷம் விட்டு, பஞ்சு நூல் விடாத துணியால ஒத்தி எடுத்தோம். துடைச்சு முடிச்சா எண்ணெய் இருக்கிறதே தெரியக் கூடாது. கையில பிடிச்சா வழுக்கினா அது அதிகம், தூசியை இழுத்து ஒட்ட வெச்சுக்கும். அமாவாசைக்கு அமாவாசை போட வேண்டிய விஷயமும் இல்லை இது. வேணும்னா வருஷம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாப் போதும். அருங்காட்சியகங்கள்ல எண்ணெயை விட மெழுகைத்தான் விரும்புறாங்க, பிரிட்டிஷ் மியூசியத்துல 1950-கள்ல உருவாக்கின மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு அதுக்குன்னே இருக்கு. எண்ணெயோ மெழுகோ, நோய் இல்லாத காசுக்கு மட்டும்தான். நோய் இருக்கிற காசு மேல எதைப் பூசினாலும் பாம்பை உள்ள வெச்சு மூட்டையைக் கட்டுற மாதிரி.

காலணாவை மட்டும் தனியா வெச்சோம். நோய்க்கு பென்சோட்ரையசோல்னு ஒரு மருந்து இருக்கு, 1967-ல இருந்து பாதுகாப்பு நிபுணர்கள் பயன்படுத்துறாங்க. ஆனா அது உடம்புக்கு ஆகாத பொருள், கையுறை, புகைபோக்கி எல்லாம் வேணும். சின்னப் பொண்ணு ஓடியாடுற வீட்டுல நான் அதைத் திறக்க மாட்டேன். நாங்க எடுத்தது மெதுவான வழி. காய்ச்சி வடிச்ச தண்ணி, அதாவது டிஸ்டில்டு வாட்டர், அதுல காசைப் போட்டு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துறது. உப்பு கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில இறங்கும். குழாய்த் தண்ணி கூடாது, அதுல குளோரின் இருக்கும். எத்தனை நாள்னு பெரியப்பா கேட்டார். வாரக்கணக்குலன்னு சொன்னேன். "அப்ப ஒரு மண்டலம்"னு அவரே முடிவு பண்ணி காலண்டர்ல வட்டம் போட்டார். நாற்பத்தெட்டு நாள். இதனால உள்ள இருக்கிற குளோரைடு முழுசா வந்துடும்னு சொல்ல முடியாது, அதையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்.

எண்ணெயை விடப் பெரிய காவல் உலர்ந்த காத்துதான். ரப்பர் வளையம் வெச்ச காத்துப்புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், பக்கத்துல ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர். ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடிச்சா பச்சையாகும், நீலம்னா ரோஸாகும். வாணலியில மிதமான சூட்டுல வறுத்தா பழைய நிறத்துக்கு வந்துடும், அந்த வாணலியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீங்க. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, வால்பாறைன்னு மலையில இருக்கிற நேயர்களுக்கு நான் முதல்ல சொல்வது இந்த டப்பாவைத்தான், எண்ணெயை இல்லை.

மத்த உலோகங்களைச் சீக்கிரமாச் சொல்லிடுறேன். வெள்ளிக்கு எண்ணெய் வேண்டாம். கறுக்கிறது கந்தகத்தால, ரப்பர் பேண்டு, கம்பளித் துணி பக்கத்துல வெக்காதீங்க. அலுமினியப் பைசாவுக்கும் உலர்ந்த இடம் போதும். மெத்துன்னு வளையற பிளாஸ்டிக் ஆல்பம், புது ரெயின்கோட் வாசனை வருமே, அது பி.வி.சி. அதுல இருந்து கசியுற பொருளும் காசைப் பச்சையாக்கும். தங்கத்துக்கு எதுவுமே வேண்டாம். இதே மலைக்கு அடியில, பழனி பக்கம் கலயம்புத்தூர்ல 1856-ல ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைச்சது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல மண்ணுல கிடந்தும் தங்கம் தங்கமாவே இருக்கும். செம்புக்குத்தான் நம்ம தயவு தேவை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சங்ககாலப் பாண்டியரோட சதுரச் செப்புக்காசு மாதிரி ஏதாவது உங்க கைக்கு வந்தா புளி, எலுமிச்சை, எண்ணெய் எதுவும் போடாதீங்க. ரா. கிருஷ்ணமூர்த்தி அந்தக் காசுல 'பெருவழுதி'ங்கிற பேரைத் தமிழ் பிராமியில படிச்சார். அந்த மாதிரி எழுத்தெல்லாம் பல சமயம் அந்த மேல்தோல்லதான் உயிரோட இருக்கும். உரிச்சா எழுத்தும் போயிடும். மண்ணுல தோண்டும்போது கிடைச்சதுன்னா அது உங்க காசே இல்லை, 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். இந்த மலைச்சரிவுல தாண்டிக்குடி, பொருந்தல்னு எத்தனையோ இடம் இருக்கு, அதனால சொல்றேன்.

நான் ஊருக்குத் திரும்பிட்டேன். பெரியப்பா ஒரு மண்டலமும் தவறாமத் தண்ணி மாத்தினார், பேத்தி நோட்டுல தேதி எழுதினா. தை மாசம் காசை உலர்த்தி, ஒரு வெள்ளைத் தாள் மேல வெச்சு, சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல மூடினாங்க. மாவு உதிர்ந்தா தாள்ல தெரியும்னு அந்த ஏற்பாடு. முதல் மாசம் தாள்ல கடுகளவு பச்சைத் தூள் இருந்தது. மீட்டரைப் பார்க்கச் சொன்னேன், 58 காட்டிச்சு. மூடி சரியா இறுகலை. டப்பாவை மாத்தினாங்க, தாளையும் மாத்தினாங்க.

போன ஞாயித்துக்கிழமை பேத்தியே போன் பண்ணினா. "சித்தப்பா, மீட்டர் 36. தாள் வெள்ளையா இருக்கு. தாத்தா லென்ஸ் வெச்சு ரெண்டு தடவை பார்த்தாச்சு. டப்பாவை நான் எடுத்துக்கலாமா?" மழைக்காலம் ஒண்ணு தாண்டட்டும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டு டின்னுல என்ன இருக்குன்னு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம், வணக்கம்.